ரோஜா வந்தால் வினைச்சொல்லைத் தேடுங்கள்: கவிதையில் பூவை வாசிக்க ஒரு வழி

என் அண்ணன் மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் அவளுடைய பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வில்லியம் பிளேக்கின் 'நோயுற்ற ரோஜா' கவிதைக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ரோஜா = காதல், புழு = தீமை' என்று எழுதி வைத்திருந்தாள். நோட்ஸில் அப்படித்தான் இருந்ததாம். சிவப்பு என்றால் காதல், வெள்ளை என்றால் தூய்மை, மஞ்சள் என்றால் நட்பு, முள் என்றால் வேதனை, ஒரே பக்கத்தில் உலகத்து ரோஜாக்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எட்டே வரிக் கவிதை அது. படிப்பதற்கு முன்பே விடை கையில் இருந்ததால் அவள் கவிதையைப் படிக்கவே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அப்போது சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மாணவர்களுக்கு மட்டும் என்று இல்லை, மொழிபெயர்ப்பிலோ மூலத்திலோ படித்துக்கொண்டு போகும்போது வழியில் ஒரு ரோஜா எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிற எவருக்கும் இது உதவும்.

வழி சுலபமானது. 'ரோஜாவுக்கு என்ன அர்த்தம்' என்று தொடங்காதீர்கள். 'இந்த ரோஜாவுக்கு இங்கே என்ன நடக்கிறது' என்று தொடங்குங்கள். பறிக்கிறார்களா, யாருக்காவது அனுப்புகிறார்களா, வாட விடுகிறார்களா, பிழிந்து அத்தர் எடுக்கிறார்களா, தண்ணீர் ஊற்றுகிறார்களா? பூ ஒன்றுதான், அதற்கு நடப்பது வேறு வேறு. கவிஞன் சொல்ல வந்தது அந்த நடப்பில் இருக்கிறது.

முதலில் ஒரு பன்னீர் ரோஜா வாங்குங்கள்

நிஜமாகவே சொல்கிறேன். பூக்கடையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருக்கிற நீளக் காம்பு சிவப்பு ரோஜா வேண்டாம். அது ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்கிற ரகம், தண்ணீரில் வைத்தால் நாள்கணக்கில் நிற்கும், வாசனை பெரிதாக இருக்காது, வருஷம் முழுக்கக் கிடைக்கும். மாலைக்கும் பூஜைக்கும் வாங்குகிற இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா இருக்கிறதே, அதில் ஒன்றைக் காலையில் வாங்கி மேஜைமேல் வையுங்கள். மத்தியானம் பாருங்கள், சாயங்காலம் தொட்டுப் பாருங்கள். இதழ் கையோடு வந்துவிடும். பழைய ஐரோப்பியக் கவிதைகளில் வருகிற ரோஜா ஏறக்குறைய இப்படிப்பட்டது. வாசனை நிறைய, ஆயுள் கொஞ்சம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நமக்கு ரோஜா என்றால் எந்த நாளும் கிடைக்கிற பூ. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஐரோப்பாவில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே தடவை, கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே பூத்தன. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீனத்து ரோஜாக்களிடம் இருந்தது. அவை ஐரோப்பா போய்ச் சேர்ந்து, அங்கே இருந்தவற்றோடு ஒட்டுக் கலந்த பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற ரகங்கள் உண்டாயின. நவீன ரோஜாவின் தொடக்கம் என்று சொல்லப்படும் 'லா பிரான்ஸ்' ரகம் வந்தது 1867-இல்.

இது தெரிந்தால் ராபர்ட் பர்ன்ஸின் புகழ்பெற்ற பாட்டு வேறு மாதிரி கேட்கும். 1794-இல் அச்சான ஸ்காட்லாந்துப் பாட்டு. 'என் காதல், ஜூனில் புதிதாய் மலர்ந்த செக்கச்சிவந்த ரோஜா' என்று தொடங்குகிறான். அந்த 'ஜூன்' என்ற சொல்லை நாம் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுவோம், ஏதோ ஒரு மாசம் என்று. அங்கே அது கடிகாரம். ஜூனில் மலர்ந்தது ஜூலை முடிவதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட பூவைக் காட்டிவிட்டு, அடுத்த மூச்சிலேயே 'கடல் எல்லாம் வற்றும்வரை, பாறைகள் வெயிலில் உருகும்வரை உன்னை நேசிப்பேன்' என்கிறான். அதோடும் விடவில்லை, கடைசியில் விடைபெற்றுக் கிளம்பியும் விடுகிறான், பத்தாயிரம் மைல் ஆனாலும் திரும்பி வருவேன் என்று சொல்லிக்கொண்டே. சில வாரப் பூவும் கடல் வற்றுகிற காலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அந்த இடத்தில்தான் பாட்டு நெஞ்சைப் பிடிக்கிறது.

பூவைக் கடிகாரமாகப் படிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. குறுந்தொகையின் 66-ஆம் பாட்டு நினைவிருக்கிறதா? 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை' என்று தோழி கொன்றை மரங்களைப் பார்த்து, எவ்வளவு பேதை மரங்கள் என்கிறாள். காரில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. இது கார் இல்லை, ஏதோ காலம் தப்பிப் பெய்த மழை, அதை நம்பி இந்த மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தலைவியைத் தேற்றுகிறாள். எந்தப் பூ, எந்தப் பருவம், யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் படித்த மரபு நம்முடையது. அந்தப் பழக்கத்தை ரோஜாவிடமும் கொண்டு போங்கள், போதும்.

வாசனையையும் மறந்துவிடாதீர்கள். ஷேக்ஸ்பியரின் சானட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள், 1609-இல் வெளிவந்தன. அதில் 54-ஆவதில் இரண்டு ரோஜாக்கள் வருகின்றன. ஒன்று வேலியோரக் காட்டு ரோஜா, நிறத்தில் குறையே இல்லை, ஆனால் கவிதையின் கணக்குப்படி வாசனை கிடையாது, அதனால் தனியே பூத்துத் தனியே சாகிறது. இன்னொன்று மணமுள்ளது. அது செத்தாலும் அதிலிருந்து நறுமண நீர் இறக்குவார்கள். உன் அழகு போன பிறகும் என் கவிதை அதிலிருந்து உன் உண்மையை வடித்தெடுக்கும் என்று முடிக்கிறார். கல்யாண வாசலில் சந்தனம் கொடுத்துப் பன்னீர் தெளிக்கிற நமக்கு இதைவிட நன்றாக யாருக்குப் புரியும்? அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இதே விஷயத்தை இன்னும் கடுமையாகச் சொன்னார்: ரோஜாவின் அத்தர் வெயிலால் மட்டும் வருவதில்லை, அது திருகு செக்கின் கொடை. ஒருவர் வடித்தெடுப்பதைப் பார்த்தார், மற்றவர் நசுக்குவதைப் பார்த்தார்.

வினைச்சொல்லின் கீழே கோடு போடுங்கள்

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கவிதையில் ரோஜா செய்கிற வேலைக்கும் ரோஜாவுக்குச் செய்யப்படுகிற வேலைக்கும் கோடு போடுங்கள். வேறு எதற்கும் வேண்டாம்.

எட்மண்ட் வாலர் என்ற ஆங்கிலக் கவிஞரின் 1645-ஆம் வருஷத்துக் கவிதை ஒன்று, இருபது வரிதான். 'போ, அழகு ரோஜாவே' என்று தொடங்கும். தன்னைக் கண்டுகொள்ளாத பெண்ணிடம் பூவைத் தூது அனுப்புகிறான். 'அவளிடம் சொல்' என்கிறான், ஒளிந்து வாழ்கிற அழகுக்கு மதிப்பில்லை, வெளிச்சத்துக்கு வரச் சொல் என்கிறான். இதுவரை இனிமைதான். கடைசிப் பத்தி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'பிறகு செத்துப்போ.' உன் சாவைப் பார்த்து அவள் தன் கதியைப் படித்துக்கொள்ளட்டும் என்கிறான். போ, சொல், சாவு. மூன்று கட்டளைகள். கோடு போட்டுப் பார்த்தால் தூதுப் பாட்டுக்குள் இருக்கிற மிரட்டல் தெரியும், 'ரோஜா = காதல்' என்று எழுதிவிட்டால் தெரியவே தெரியாது.

ஜெர்மன் கவிஞர் கோதே ஏறக்குறைய 1771-இல், இருபத்திரண்டு வயதுக்குள் எழுதிய 'காட்டு ரோஜாச் செடி'யைப் பாருங்கள். ஷூபர்ட் 1815-இல் அதற்கு மெட்டமைத்தார். ஜெர்மன் மொழி பேசுகிற வீடுகளில் நாட்டுப்பாட்டு மாதிரிப் பாடுகிறார்கள். மெட்டு அவ்வளவு கொஞ்சலாக இருக்கும். சொற்களைப் பாருங்கள்: பையன் 'உன்னை ஒடிப்பேன்' என்கிறான். 'நான் குத்துவேன், நீ என்றைக்கும் என்னை நினைத்துக்கொண்டிருப்பாய்' என்கிறது ரோஜா. அவன் ஒடிக்கிறான். அது குத்துகிறது. எந்த அழுகையும் உதவவில்லை, அது பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதில் முள்ளுக்கு 'வேதனை' என்று அர்த்தம் எழுதுவது பெரிய அநியாயம். முள் இங்கே அந்தச் செடியிடம் இருந்த ஒரே தற்காப்பு, அதுவும் போதவில்லை.

மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் பூ எடுப்பதற்கு எத்தனை சொல்! பறிப்பது, கொய்வது, கிள்ளுவது, ஒடிப்பது. கொய்தல் என்றாலே ஒரு நளினம் வந்து ஒட்டிக்கொள்ளும். கோதே பயன்படுத்திய ஜெர்மன் வினை ஒடிப்பதைக் குறிக்கிறது. அதைக் 'கொய்தான்' என்று மொழிபெயர்த்துவிட்டால் கவிதையின் குற்றமே மறைந்துபோகும். அதேபோல் 'பறிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் வந்தால் நின்று, யார் பறித்தார் என்று கேளுங்கள். முடிந்தால் மூலத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள், மொழி தெரியாவிட்டாலும் அகராதியில் அந்த ஒரு வினையை மட்டும் தேடினால் போதும்.

சில கவிதைகளில் வினை காலத்திடம் இருக்கும். பிரெஞ்சுக் கவிஞர் பியேர் த ரோன்சார் 1553-இல் வெளியிட்ட பாடலில் ஒருவன் தன் பெண்ணை, காலையில் மலர்ந்த ரோஜாவைப் பார்க்கலாம் வா என்று சாயங்காலம் கூப்பிடுகிறான். போய்ப் பார்த்தால் எல்லா இதழும் உதிர்ந்து கிடக்கிறது. இயற்கை மாற்றாந்தாய் என்று திட்டுகிறான். பிறகு, ஆகவே உன் இளமையைப் பறித்துக்கொள், பறித்துக்கொள் என்கிறான். ராபர்ட் ஹெரிக் 1648-இல் 'மொட்டுகளை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கன்னிப் பெண்களுக்குச் சொன்னதும் இதே குடும்பம்தான். மொட்டா, மலரா, உதிர்ந்த இதழா என்று பாருங்கள், கவிதை எந்த நேரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பேசுவது யார், ரோஜா யார்?

மேலே சொன்ன வாலர், கோதே, ரோன்சார், ஹெரிக் எல்லோரும் ஆண்கள். பூ ஒவ்வொரு தடவையும் ஒரு பெண். பூவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, சொல்கிறார்கள். கோதேயின் செடி மட்டும் ஒரு வார்த்தை பதில் பேசுகிறது.

இந்தப் பழக்கத்தின் பெரிய ஊற்று பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட 'ரோஜாவின் காதை'. 1230 வாக்கில் கியோம் த லோரிஸ் என்பவர் நாலாயிரம் வரி எழுதிவிட்டு முடிக்காமல் விட்டார். ஒரு கனவு, மதில் சூழ்ந்த தோட்டம், கிரேக்கக் கதையில் தன் நிழலையே காதலித்த நார்சிஸஸின் சுனையில் தெரிகிற ஒரு ரோஜா மொட்டு, அதன்மேல் ஆசைப்பட்ட ஒரு வாலிபன். நாற்பது வருஷம் கழித்து ஜான் த மன் என்பவர் பதினேழாயிரம் வரிக்கும் மேலே சேர்த்து, வாலிபன் ரோஜாவைப் பறிப்பதோடு முடித்தார். ஐரோப்பா முழுக்க நூற்றாண்டுக்கணக்கில் இதைப் படித்தார்கள். 1400-ஐ ஒட்டிய வருஷங்களில் கிறிஸ்தீன் த பிசான் என்ற பெண் எழுத்தாளர் எழுந்து, இந்த நூல் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று கடிதம் கடிதமாக எழுதிச் சண்டை போட்டார். கணவனை இழந்து, மூன்று குழந்தைகளோடு, எழுதிப் பிழைத்தவர். பெரிய மனிதர்களே அந்த நூலைப் புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர் அப்படி எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. ரோஜாவைப் பெண்ணாக்கிய கவிதை எதைப் படித்தாலும் கிறிஸ்தீனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். கவிதையில் பூவாகிவிட்ட பெண் என்ன சொல்லியிருப்பாள் என்ற கேள்வி தானாக வரும்.

எந்தத் தோட்டத்து ரோஜா?

இது கொஞ்சம் வாசிப்பு கேட்கிற வேலை, ஆனால் நாலைந்து தோட்டங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பாரசீகத் தோட்டம் நமக்குக் கொஞ்சம் சொந்தம். அந்த மொழியில் 'குல்' என்றால் பூ, தனியாகச் சொன்னால் பெரும்பாலும் ரோஜா. 'ஆப்' என்றால் நீர். இரண்டும் சேர்ந்தால் குலாப், அதாவது பன்னீர். குலாப் ஜாமூனின் பாகில் இருப்பது அந்தச் சொல்தான். பாரசீகக் கவிஞர் ஸாதி 1258-இல் எழுதிய உரைநடையும் செய்யுளும் கலந்த நூலுக்கு 'குலிஸ்தான்', ரோஜாத் தோட்டம் என்றே பெயர். இந்தத் தோட்டத்தில் ரோஜா தனியாக இருக்காது, புல்புல் பறவை, ஆங்கிலத்தில் நைட்டிங்கேல், கூடவே இருக்கும். பறவை கதறும், ரோஜா சும்மா இருக்கும். முள் வந்தால் அது பல இடங்களில் காதலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற போட்டிக்காரன். பாரசீகத்தில் அவன், அவள் என்ற பால் வேறுபாடு இலக்கணத்தில் கிடையாது, அதனால் ஷிராஸ் நகரத்து ஹாஃபிஸின் ரோஜா காதலியா, அரசனா, இறைவனா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. தமிழில் மொழிபெயர்க்கும்போது 'அவள்' என்று போட வேண்டியிருக்கிறது, அந்த இடத்திலேயே மூன்றில் இரண்டு கதவு சாத்திக்கொள்கிறது.

கிறிஸ்தவத் தோட்டம் வேறு. ஏதேனில் மனிதன் பாவம் செய்வதற்கு முன் ரோஜாவுக்கு முள் இல்லை என்று ஒரு பழைய நம்பிக்கை. 1667-இல் வந்த 'இழந்த சொர்க்க'த்தில் மில்டனும் அப்படித்தான் முள்ளில்லாத ரோஜாவை நட்டு வைத்திருக்கிறார். மாதாவை முள்ளில்லாத ரோஜா என்று பாடுவதும் அதனால்தான். ஜெபமாலையின் லத்தீன் பெயருக்கே ரோஜாத் தோட்டம் என்று பொருள். இத்தாலியக் கவிஞர் தாந்தே சொர்க்கத்தின் உச்சியில் ஒரு மாபெரும் வெள்ளை ரோஜாவைக் காண்கிறார், அதன் இதழ்களே புனிதர்கள் அமர்ந்திருக்கும் வரிசைகள். பறிப்பதற்கு அங்கே யாரும் இல்லை, எல்லோரும் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அரசியல் ரோஜாவும் உண்டு. இங்கிலாந்தில் 1455-இல் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு அரச கிளைகள் அடித்துக்கொண்டன. ஷேக்ஸ்பியர் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகத்தில், ஒரு தோட்டத்தில் பிரபுக்கள் சிவப்பும் வெள்ளையுமாக ரோஜா பறித்துக் கட்சி பிரிவதாக ஒரு காட்சி வைத்தார். அது அவருடைய கற்பனை, வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. அந்தக் காட்சியில் சிவப்புக் கட்சிக்காரன் ஒருவன், வெள்ளை பறிக்கப் போகிறவனிடம் சொல்கிறான்: விரலில் முள் குத்தாமல் பார்த்துக்கொள், ரத்தம் பட்டு வெள்ளை ரோஜா சிவந்துவிட்டால் உனக்கு விருப்பம் இல்லாமலே என் பக்கம் வந்துவிடுவாய். இனி சிந்தப்போகும் ரத்தம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வெட்சி சூடி ஆநிரை கவர்ந்து, வஞ்சி சூடிப் படையெடுத்து, தும்பை சூடிப் பொருது, வாகை சூடி வென்ற கதைகளைப் படித்த நமக்குப் பூச்சூடிப் போருக்குப் போவது புதிதல்ல.

அயர்லாந்தில் ரோஜா நாடே ஆகிவிடும். 'ரோஷீன் துவ்', கரிய சின்ன ரோஜா, என்று பழைய ஐரிஷ் பாட்டு. அதை ஜேம்ஸ் கிளாரன்ஸ் மங்கன் 1846-இல், உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிவிட்ட நேரத்தில், ஆங்கிலத்தில் 'கருமை ரோசலீன்' என்று மறுபடி எழுதினார். காதலியிடம் 'அழாதே, உதவி வருகிறது' என்று சொல்வது போல இருக்கும். பேசப்படுவது அயர்லாந்திடம். பின்னால் வந்த ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் ரோஜாவைப் பற்றி எழுதியபோதெல்லாம் இந்தப் பாட்டு அவர் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

நோட்ஸில் முதலில் வருவது நிறம், நீங்கள் கடைசியில் பாருங்கள். எந்த நிறத்துக்கு எந்த உணர்ச்சி என்று பட்டியல் போட்ட பூமொழிப் புத்தகங்கள் 19-ஆம் நூற்றாண்டின் மோகம். பாரிஸில் ஷார்லொத் த லத்தூர் என்ற பெயரில் 1819-இல் ஒன்று வந்தது, லண்டனில் கேட் கிரீனவே 1884-இல் படங்களோடு ஒன்று போட்டார். அந்தக் காலத்து நாவலில் ஒருவர் மஞ்சள் ரோஜா அனுப்பினால் பட்டியலைப் புரட்டலாம், அப்போதும் மஞ்சளுக்கு நட்பு என்று இருக்காது, காதல் குறைவு, பொறாமை என்றுதான் இருக்கும். ஷேக்ஸ்பியரோ அந்தப் பட்டியல்களுக்கு இருநூறு வருஷம் முந்தியவர். அவருக்கு அதை மாட்டிவிடுவது எந்த வகையிலும் பொருந்தாது.

இப்போது பிளேக்கிடம் போகலாம்

1794-இல் 'அனுபவப் பாடல்கள்' தொகுப்பில் வந்தது. மூலத்தில் 34 சொற்கள். என் தமிழில் ஏறக்குறைய இப்படி:

ரோஜாவே, உனக்கு நோய்.
ஊளையிடும் புயலில்
இரவில் பறக்கிற
கண்ணுக்குத் தெரியாத புழு
கருஞ்சிவப்பு மகிழ்ச்சியான
உன் படுக்கையைக் கண்டுபிடித்துவிட்டது.
அதன் இருண்ட இரகசியக் காதல்
உன் உயிரை அழிக்கிறது.

முதலில் செடி. மொட்டுக்குள் புழு புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, மலரும்போதுதான் உள்ளே அரித்திருப்பது தெரியும், செடி வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆகவே இது கவிஞனின் விநோதக் கற்பனை ஏதும் இல்லை, தோட்டத்தில் நடப்பதுதான். அடுத்து வினை. பறக்கிறது, கண்டுபிடித்துவிட்டது, அழிக்கிறது, மூன்றும் புழுவின் பக்கம். ரோஜாவுக்கு ஒரு வினைகூட இல்லை, நோயாக இருக்கிறது, அவ்வளவுதான். 'கண்டுபிடித்துவிட்டது' என்றால் அது தேடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், படுக்கை மறைவாக இருந்தது என்றும் அர்த்தம். பேசுவது யார்? தெரியாது. வைத்தியர் மாதிரி நோயைச் சொல்கிறார், மருந்து சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத புழுவை அவர் மட்டும் எப்படிப் பார்த்தார்? நிறம்? கருஞ்சிவப்பு என்ற சொல் இதழ்மேல் விழவில்லை, மகிழ்ச்சியின்மேல் விழுகிறது. அந்த மகிழ்ச்சி புழு வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

கடைசியாக, என் அண்ணன் மகளிடம் 'காதல்' என்ற சொல் எங்கே இருக்கிறது, விரலை வை என்றேன். ஏழாவது வரியில் வைத்தாள். யாருடைய காதல்? பார்த்துக்கொண்டே இருந்தாள். புழுவுடையது. கவிதையில் காதல் என்ற சொல் ரோஜாவிடம் இல்லவே இல்லை, புழுவிடம் இருக்கிறது. 'ரோஜா = காதல், புழு = தீமை' என்று எழுதியது அப்படியே கவிழ்ந்துவிட்டது. பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள்: கொல்வது காதலா, அது இருட்டிலும் இரகசியத்திலும் இருப்பதா? வெளிச்சத்தில் வந்திருந்தால் இந்தப் பூ பிழைத்திருக்குமா? ஒளித்து வைக்கச் சொன்னது யார்? இந்தக் கேள்விகளில் எதைப் பிடித்து எழுதினாலும் நல்ல விடைத்தாள்தான். பிளேக் இதைச் செப்புத் தகட்டில் தானே பொறித்து அச்சிட்டார், படத்தில் ரோஜா தலை கவிழ்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. படத்தையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

ரோஜாவே வராத இடங்கள்

வில்லியம் ஃபாக்னரின் 1930-ஆம் வருஷத்துச் சிறுகதை 'எமிலிக்கு ஒரு ரோஜா'. கதை முழுக்கத் தேடினாலும் யாரும் எமிலிக்கு ரோஜா கொடுக்க மாட்டார்கள். மாடியில் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும்போது வெளிறிய ரோஜா நிறத் திரைச்சீலைகளும் ரோஜா நிற விளக்கு மூடிகளும் இருக்கும். பூ இல்லை, அதன் நிறம் மட்டும், அதுவும் தூசிக்குள். தலைப்பில் ரோஜா வந்து உள்ளே காணாமல் போனால் இப்படி நிறத்திலும் துணியிலும் பெயரிலும் தேடுங்கள். கொடுக்காமல் போன பூவை அந்தத் தலைப்பாவது கொடுக்கிறது என்று நான் படிக்கிறேன்.

நேர்மாறாக 1943-இல் வந்த 'குட்டி இளவரச'னில் ரோஜா நிறைய. தன் கிரகத்தில் ஒரே ஒரு ரோஜா என்று நினைத்திருந்தவன் பூமியில் ஒரே தோட்டத்தில் ஐயாயிரம் ரோஜாவைப் பார்த்து அழுதுவிடுகிறான். அவனுடையது மட்டும் எப்படி வேறு? வினைச்சொற்களை எண்ணுங்கள். தண்ணீர் ஊற்றினான், கண்ணாடிக் கூண்டால் மூடினான், தடுப்பு வைத்தான், கம்பளிப்பூச்சி பொறுக்கினான், அதன் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். அத்தனையும் அவன் செய்த வேலை. பறித்தான் என்ற வினை அந்தப் பட்டியலில் கிடையாது.

தொடங்குவதற்கு ஒன்று சொல்லுங்கள் என்றால் ஆஸ்கர் வைல்டின் 'நைட்டிங்கேலும் ரோஜாவும்' கதையைச் சொல்வேன், 1888-இல் வந்தது, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். சிவப்பு ரோஜா கொண்டு வந்தால் உன்னோடு நடனமாடுவேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள் என மாணவன் ஒருவன் அழுகிறான். பறவை கேட்டு இரங்குகிறது. வெள்ளை ரோஜா இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சிவப்பு மரம் குளிரில் பட்டுப்போயிருக்கிறது. இங்கே நிறத்தைத் தாராளமாகப் பாருங்கள், கதையே அதற்குத்தான் விலை பேசுகிறது. பாரசீகத்துப் பறவையும் பூவும் ஆங்கிலக் கதைக்குள் வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். என் அண்ணன் மகளுக்கு இதைத்தான் வீட்டுவேலையாகக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டு வந்தாள். சமன்குறி எதுவும் இல்லை, வெறும் வினைச்சொற்கள்: கேட்டாள், அழுதான், பாடியது, முள்ளில் நெஞ்சை அழுத்தியது, சிவந்தது, செத்தது, பறித்தான், வேண்டாம் என்றாள், எறிந்தான், சக்கரம் ஏறியது. "அத்தை, கடைசி ஒண்ணை யாருமே வேணும்னு செய்யலை, வண்டி அது பாட்டுக்குப் போகுது" என்றாள். அதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள்.